முகப்பருவுக்கு 288 மாத்திரை, எனக்கு நடந்தது

எங்க அண்ணன் பொண்ணுக்கு பதினஞ்சு வயசு ஆகுது. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தா, கன்னம் ரெண்டுலயும் தனக்காவ, அதான் பர்மால மரக்கட்டைய தேய்ச்சு முகத்துல பூசுற பூச்ச, கனமா அப்பிக்கிட்டு, பேசும்போதெல்லாம் ஒரு கைய தாடைல வெச்சு மறைச்சுக்கிட்டே இருந்தா. எல்லாரும் கூடத்துல இருக்கும்போது அடுப்படிக்கு வந்து மெதுவா, "அத்தை, உங்களுக்கு பரு போறதுக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டீங்களாமே, அது பேரு மட்டும் சொல்லுங்க, நான் கடைல வாங்கிக்கிறேன்"ன்னு கேட்டா. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. இங்க ரங்கூன்ல நெறைய மருந்துக் கடைல சீட்டு இல்லாமலே குடுத்துருவாங்க, பேரு தெரிஞ்சா போதும். ஆனா நான் சாப்பிட்ட ஐசோட்ரெட்டினாயின் பேரை மட்டும் சொல்லி அனுப்பக்கூடிய மாத்திரை இல்ல. அன்னிக்கு ராத்திரி அவளுக்கு உக்காந்து சொன்னதத்தான் இங்க எழுதுறேன், நம்ம வீடுகள்ல இத வெளிப்படையா பேசுறதே இல்லங்கறதால.

எனக்கு பரு ஆரம்பிச்சது பதினாலு வயசுல. பர்மிய மொழில பருவுக்கு வெட்சான்னு பேரு, வெட்னா பன்னி, சான்னா வேலி அடைச்ச இடம். பள்ளிக்கூடத்துல அந்த வார்த்தைய வெச்சே என்னைய கூப்பிடுவாங்க, இன்னிக்கு நினைச்சாலும் வயிறு பிசையுது. அம்மா கஸ்தூரி மஞ்சள் போட்டாங்க, சந்தனம் போட்டாங்க, பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா தினமும் கல்லுல தனக்கா கட்டைய தேய்ச்சு கிண்ணத்துல கொண்டு வந்து குடுப்பாங்க. தனக்கா குளிர்ச்சியாத்தான் இருந்துச்சு, அத குறை சொல்ல மாட்டேன், ஆனா பரு தோலுக்கு மேல வர்ற விஷயம் இல்ல. உள்ள எண்ணெய் சுரப்பி அதிகமா சுரக்குது, முடித்துளை வாய் செத்த தோலால அடைச்சுக்குது, அந்த அடைப்புக்குள்ள கிருமி பெருகுது, உடம்பு அத எதிர்த்து வீங்குது. வெளிய தெரியிறதுக்கு சில வாரம் முன்னாடியே உள்ள அடைப்பு உண்டாயிடும். அதனாலதான் எந்த மருந்துமே ரெண்டு மூணு மாசம் ஆகாம பலன் காட்டாதுன்னு டாக்டர் பின்னாடி சொன்னாங்க. அந்த ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் அந்த கிரீம வாங்கியிருக்கவே மாட்டேன்.

அந்த கிரீம் கதைய சொல்றேன். இருபத்தோரு வயசு, டியூஷன் எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு கடைல பேரு ஒட்டாத சின்ன வெள்ளை டப்பா, பத்து நாள்ல முகம் கண்ணாடி மாதிரி ஆயிடும்னாங்க. நிஜமாவே ஆச்சு. பத்து நாள்ல சிவப்பெல்லாம் அடங்கி, பருவெல்லாம் வத்தி, நிறம் கூட வெளுத்துச்சு, எல்லாரும் கேட்டாங்க, நானும் ரெண்டு பேருக்கு வாங்கி குடுத்தேன், அத நினைச்சா இன்னும் மனசு கேக்க மாட்டேங்குது. மூணாவது மாசம் கிரீம் தீந்து ரெண்டு நாள் போடாம இருந்தேன். முகம் பூரா நெருப்பு அள்ளி போட்ட மாதிரி எரிஞ்சுது, ஒரே அளவுல நூத்துக்கணக்குல சின்ன சின்ன பரு, கன்னத்துல நூல் மாதிரி சிவப்பு ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிச்சுது. திரும்ப போட்டா அடங்கும், விட்டா வரும். உள்ள இருந்தது ஸ்டீராய்டு. வீக்கத்த ஒரு வாரத்துலயே அமுக்கிடும், ஆனா தோல மெலிசாக்கிடும், விட்டா ரெண்டு மடங்கா திரும்பும். முகத்துக்கு ஸ்டீராய்டு கிரீம் பரு மருந்தே இல்ல. பேரு போடாத டப்பா யாராவது குடுத்தா தயவு செஞ்சு வாங்காதீங்க.

அப்பறந்தான் டவுன்ல ஒரு மாடில இருந்த தோல் டாக்டரம்மாகிட்ட போனேன். பர்மிய வழக்கப்படி மரியாதையா சயாமான்னு கூப்பிட்டேன், அவங்க என்னைய தமீன்னு, மகளேன்னு கூப்பிட்டாங்க, அதுலயே பாதி அழுகை வந்துருச்சு. டப்பாவ மேசைல வெச்சேன், மோந்து கூட பாக்கல, "இத இன்னியோட விடணும், கொஞ்ச வாரம் மோசமாத்தான் இருக்கும், தாங்கிக்கோ"ன்னாங்க.

மொதல்ல குடுத்தது அடாபலின் 0.1 சதவீத ஜெல் ராத்திரிக்கு, பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் காலைல, டாக்சிசைக்ளின்ங்குற ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம் மாத்திரை. ஒண்ணொண்ணுக்கும் ஒரு தொந்தரவு உண்டு, அத சொல்லாம மருந்த மட்டும் சொல்றது எனக்கு பிடிக்காது.

அடாபலின் வைட்டமின் ஏ வகை, துளை அடைக்காம பாத்துக்கும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான், முகம் கழுவி நல்லா காஞ்ச பிறகு. நான் சீக்கிரம் போகட்டும்னு ரெண்டு மடங்கு போட்டேன், நாலாம் நாள் மூக்கு ஓரத்துல தோல் உரிஞ்சு, சாப்பிடும்போது வாய் ஓரம் வெடிச்சு, மொஹிங்கா, அதான் மீன் குழம்பு நூடுல்ஸ், அதுல இருந்த மொளகா பட்டு துடிச்சுட்டேன். சயாமா ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு குறைச்சு, மேல மாய்ஸ்சரைசர் போட சொன்னதும் ஒரு வாரத்துல அடங்கிடுச்சு. ஆரம்பத்துல பரு கொஞ்சம் கூடவும் செய்யலாம், அதுக்கு பயந்து நிறுத்தினவங்க எனக்கு தெரிஞ்சே நாலு பேர் இருக்காங்க.

பென்சாயில் பெராக்சைடு கிருமிய கொல்லும், இதுல நல்லது என்னன்னா கிருமி இதுக்கு பழகிப் போறது இல்ல. கிளிண்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஜெல்ல தனியா போட்டா பழகிடும், அதனால அத பென்சாயிலோட சேர்த்துதான் குடுப்பாங்க. 10 சதவீதம் வாங்கினா சீக்கிரம் போகும்னு நினைக்காதீங்க, 2.5-ம் ஏறக்குறைய அதே வேலைய செய்யும், எரிச்சல்தான் கம்மி. இன்னொண்ணு, இது துணி சாயத்த வெளுத்துரும். பெரியம்மா மெட்ராஸ்ல இருந்து கொண்டு வந்த மெரூன் கலர் தலகாணி உறை, ஒரு மாசத்துல கன்னம் படுற எடம் பூரா ஆரஞ்சு திட்டு. அம்மா சோப்புதான் சரியில்லைன்னு கடைய மாத்திக்கிட்டே இருந்தாங்க பாவம்.

டாக்சிசைக்ளின் தான் என்னைய ரொம்ப படுத்துச்சு, ஆனா தப்பு என் மேல. ஒரு ராத்திரி கரண்ட் இல்ல, இருட்டுல ஒரு வாய் தண்ணியோட மாத்திரைய முழுங்கிட்டு அப்படியே படுத்துட்டேன். விடிகாலைல நெஞ்சு நடுவுல யாரோ கத்திய வெச்சு அமுக்குற மாதிரி வலி, எச்சி கூட முழுங்க முடியல, அப்பா மாரடைப்போன்னு பயந்துட்டாரு. மாத்திரை உணவுக்குழாய்லயே ஒட்டி புண்ணாக்கியிருக்கு. இது பெரிய டம்ளர் நெறைய தண்ணியோட, நிமிர்ந்து உக்காந்து சாப்பிடணும், அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. அடுத்து ஏப்ரல்ல திஞ்சான், தெருவுல எல்லாரும் தண்ணி ஊத்தி ஆடிக்கிட்டு இருக்காங்கன்னு நானும் ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன், மூக்கும் ரெண்டு முழங்கையும் வெந்துபோச்சு. அந்த மாத்திரை வெயில தாங்க விடாது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகளுக்கும் பொதுவா குடுக்க மாட்டாங்க. மத்தவங்களுக்கும் வருஷக்கணக்குல இல்ல, மூணு நாலு மாசத்தோட நிறுத்திடுவாங்க.

இது எல்லாத்துலயும் சின்ன பரு போச்சு. தாடைல உருண்டையா, தொட்டா உயிர் போற மாதிரி வலிக்கிறது மட்டும் போகல, போன எடத்துலயும் குழி விழுந்துச்சு. தழும்பு விழ ஆரம்பிச்சா காத்திருக்கக் கூடாதுன்னு சொல்லி சயாமா ஐசோட்ரெட்டினாயின் பத்தி பேசினாங்க. 1982-ல அமெரிக்கால அனுமதி கெடச்ச மருந்து, எண்ணெய் சுரப்பியையே சுருக்கிடும், நெறைய பேருக்கு ஒரு தடவை முழுசா முடிச்சா திரும்ப வர்றதே இல்ல. என் எடை 48 கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம்னு கணக்கு போட்டு சீட்டு பின்பக்கம் எழுதி காமிச்சாங்க, மொத்தம் 5760, ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் கேப்ஸ்யூல்னா 288 நாள். அந்த சீட்ட இன்னும் வெச்சிருக்கேன்.

மொதல்ல ரத்தப் பரிசோதனை, ஈரலும் கொழுப்பும். அப்பறம் கர்ப்பப் பரிசோதனைன்னாங்க. அம்மா என் பக்கத்துல உக்காந்திருந்தாங்க, முகம் சுருங்கிடுச்சு, "கல்யாணம் ஆகாத புள்ளைய என்ன கேக்குறாங்க இவங்க"ன்னு தமிழ்ல என்கிட்ட முணுமுணுத்தாங்க. சயாமாவுக்கு மொழி புரியலன்னாலும் முகம் புரிஞ்சுது. அம்மா கைய பிடிச்சுக்கிட்டு பர்மிய மொழில நிதானமா சொன்னாங்க, இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் ஆனா குழந்தையோட மூளை, இதயம், காது, முகம் எல்லாத்துலயும் பெரிய ஊனம் வரலாம், கலைஞ்சும் போகலாம், அதனால பெண்கள் யாரா இருந்தாலும் கேட்டுத்தான் ஆகணும், உங்க பொண்ண சந்தேகப்படல. அம்மா தலைய குனிஞ்சு சரின்னாங்க.

கேப்ஸ்யூல் கொழுப்பு சாப்பாட்டோடதான் சரியா உடம்புல சேரும். ஒனோ கவ்ஸ்வேங்குற தேங்காப்பால் நூடுல்ஸ் பண்ற அன்னிக்கு அதோட சேர்த்து முழுங்கிருவேன், மத்த நாள் மத்தியான சோத்துக்கு அப்பறம். உதடுதான் மொதல்ல காஞ்சுது, எனக்கு பத்தாவது நாள். வாசலின் டப்பா இல்லாம வெளிய போக முடியாது, சிரிச்சா ரத்தம் கசியும். மூக்குல ரெண்டு தடவை ரத்தம், கண்ணு மணல் போட்ட மாதிரி, மாடி ஏறினா முதுகு வலி. ரெண்டாவது மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனைல ட்ரைகிளிசரைடுங்குற ரத்தக் கொழுப்பு கொஞ்சம் ஏறியிருந்துச்சு, வறுத்தது கம்மி பண்ணதும் இறங்கிடுச்சு. மனச பத்தியும் ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, தூக்கம் வருதா, அழுகை வருதா, சாகணும்னு தோணுதான்னு. பெரிய ஆராய்ச்சிகள்ல பொதுவா எல்லாருக்கும் அப்படி ஆகும்னு தெரியவரல, ஆனா தனித்தனியா சிலருக்கு மனச்சோர்வு வந்திருக்கு, அதனால வீட்டுல ஒருத்தருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கணும். டாக்சிசைக்ளின இதோட சேர்த்து சாப்பிடவே கூடாது, மூளைக்குள்ள அழுத்தம் ஏறலாம். வைட்டமின் ஏ மாத்திரை கூடாது. ரத்த தானம் கூடாது, கடைசி மாத்திரைக்கு அப்பறம் ஒரு மாசம் வரைக்கும், அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு போயிடக் கூடாதில்ல.

இதுக்கு நடுவுல எனக்கு கல்யாணம் நிச்சயம் ஆச்சு. முகூர்த்தம் எண்ணி பாத்தா 210-வது நாள். அம்மா, "மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடாதடி, பொண்ணுக்கு என்னமோ வியாதின்னு பேசுவாங்க"ன்னாங்க. மாத்திரைய பாதில நிறுத்திடுன்னு பெரியம்மா. ரெண்டு ராத்திரி தூங்கல. மூணாம் நாள் நானே அவருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன், மாத்திரை பேரு, ஏன் சாப்பிடுறேன், இன்னும் 78 நாள் பாக்கி இருக்கும், அதுக்கு மேல ஒரு மாசம் குழந்தை கூடாதுங்கறது வரைக்கும். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்பறம், "அந்த டாக்டர நானும் வந்து பாக்கலாமா"ன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் போனோம், ரெண்டு விதமான கர்ப்பத்தடை சேர்த்து வெச்சுக்கணும்னு சயாமா சொல்லி குடுத்தாங்க. கல்யாணத்துக்கு பார்லர்ல வேக்ஸ் பண்ணலாம்னாங்க, அதுக்கும் வேண்டாம்னேன், இந்த மருந்துல தோல் மெல்லிசா இருக்கும், மெழுகோட சேர்ந்து பிஞ்சு வந்துரும், முடிச்சு ஆறு மாசம் வரைக்கும் கூடாது. மாமியார் மாசா மாசம் விசேஷம் உண்டான்னு கேக்கும்போது அவரேதான், "நாங்கதான் கொஞ்சம் பொறுத்துக்கலாம்னு இருக்கோம்மா"ன்னு சொல்லி சமாளிச்சாரு. மருந்து உடம்ப விட்டு போயிடும், அப்பறம் பிள்ளை பிறக்குறதுக்கு அது தடை இல்ல. என் மகனுக்கு இப்ப நாலு வயசு. அவன் வயித்துல இருக்கும்போது திரும்ப ரெண்டு பரு வந்துச்சு, அப்ப அசெலாயிக் ஆசிட் 20 சதவீத கிரீம்தான் குடுத்தாங்க, கர்ப்பத்துல அது பாதுகாப்பானதுன்னு. கொஞ்சம் ஊசி குத்துற மாதிரி இருக்கும், நம்ம மாநிறத்துல பரு போன எடத்துல நிக்கிற கருப்பு தழும்புக்கும் நல்லது.

மோல்மீன்ல இருக்குற என் கூட்டாளி ஒருத்திக்கு மாதவிலக்கு ஒழுங்கா வராது, தாடைல முடி, கூடவே பரு. அவளுக்கு கர்ப்பத்தடை மாத்திரையும் ஸ்பைரோனோலாக்டோனும் குடுத்தாங்க. அது ஹார்மோன் வழியா வேலை செய்யும். அடிக்கடி மூத்திரம், மார்பகத்துல வலி, தலை சுத்தல் இருந்துச்சுன்னு சொன்னா, ஸ்பைரோனோலாக்டோன கர்ப்பத்துல சாப்பிடக் கூடாது. கர்ப்பத்தடை மாத்திரைல ரத்தம் உறையிற ஆபத்து கொஞ்சம் உண்டு, சிகரெட் பழக்கமோ, கண்ணுல ஒளி தெரியிற மாதிரி ஒத்தத் தலைவலியோ உள்ளவங்க கட்டாயம் டாக்டர்கிட்ட அத சொல்லணும். அவளுக்கு இது ரெண்டும்தான் கேட்டுச்சு, எனக்கு கேட்டது அவளுக்கு தேவையே படல.

இத பூரா கேட்டுட்டு எங்க அண்ணன் பொண்ணு, "அப்ப எனக்கு அந்த 288 வேணாமா அத்தை"ன்னு கேட்டா. அவளுக்கு கன்னத்துல கரும்புள்ளியும் சின்ன பருவும்தான், உருண்டை ஒண்ணு கூட இல்ல, குழி இல்ல. நேத்து நானும் அண்ணியும் அவள அதே சயாமாகிட்ட கூட்டிட்டு போனோம், வயசாயிட்டாங்க, என்னைய அடையாளம் தெரிஞ்சு கன்னத்த திருப்பி திருப்பி பாத்தாங்க. அவளுக்கு மாத்திரையே இல்ல, அடாபலினும் பென்சாயில் பெராக்சைடும் மட்டும், பன்னெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. ராத்திரி எங்க வீட்டுலயே முகம் கழுவி, காயட்டும்னு கால் மணி நேரம் விசிறிக்கிட்டே உக்காந்திருந்து, பட்டாணி அளவு ஜெல்ல விரல் நுனில வெச்சு "இவ்ளோதானா"ன்னு என்கிட்ட காமிச்சுட்டு போட்டுக்கிட்டா.

கிளம்பும்போது அண்ணி கைல வெள்ளைத் துண்டு ரெண்டும் வெள்ளைத் தலகாணி உறை ஒண்ணும் குடுத்து அனுப்பினேன்.