வீட்டு நோட்டு: ஆவணியிலிருந்து ஐப்பசி வரை

ஆகஸ்ட் 18, 2024, ஞாயிறு

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது மட்டும் என்றால் திரும்பிப் படுத்திருப்பேன். அதன் பின்னாலேயே மாடி ஊறல், மூடி உடைந்த தொட்டி, அடுப்படி நிலையில் கரையான் தடம் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. எழுந்து உட்கார்ந்து, மகளின் பழைய அறிவியல் நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் அத்தனையையும் எழுதினேன். தலைக்குள் ஐம்பது வேலை மாதிரி இருந்தது. தாளில் பதினேழுதான். அப்புறம் நன்றாகத் தூக்கம் வந்தது.

காலையில் அம்மாவும் நானும் பேசி முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை, அதற்கு மேல் தொடுவதில்லை. ஐப்பசி மழைக்குள் முடிய வேண்டியதற்கு மட்டும் சிவப்புப் புள்ளி. புதிதாக எது கண்ணில் பட்டாலும் நோட்டில் எழுதிவிட்டு அதை மறந்துவிடலாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

குழாய். தலையைக் கழற்றுவதற்கு முன் மாடித் தொட்டியின் வால்வை மூடப் போனால், அது அசையவே இல்லை. மதுரையில் எங்கள் வில்லாபுரத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வருடக்கணக்கில் திருப்பாத வால்வில் உப்புப் பூத்து இறுகிவிட்டது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் கழுத்தோடு ஒடிந்துவிடும். தேங்காயெண்ணெய் விட்டு, அரை மணி நேரம் கழித்து, முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் என்று திருப்பத் திருப்ப வழிக்கு வந்தது. குழாய்க்குள் இருந்த வாஷர் கல் மாதிரி இறுகி, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அதை மாற்றப் பத்து நிமிடம்.

"மாதம் ஒரு முறை வால்வை மூடித் திறக்கணும்" என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் எந்த வால்வு எதை மூடும் என்று தெரியாமல் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்துச் சுவரிலும் பெயிண்டால் எழுதிவிட்டேன்: குளியலறை, அடுப்படி, மொத்தம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மாடி. இதை நினைத்துத்தான் இரண்டு வருடமாக எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. போன வருடம் வந்து பார்த்த ஒருவர், மொத்தத் தளத்தையும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அன்றிலிருந்து மாடிக்கு ஏறுவதையே தவிர்த்து வந்தேன்.

இன்று எங்கள் தெருக் கொத்தனார் வந்தார். மாடித் தளத்தில் தட்டோடு (தட்டையான செங்கல் ஓடு) எப்போது பதித்தது என்று கேட்டதற்கு, "மீனாட்சி கோயில் கும்பாபிஷேகம் நடந்த வருஷம்" என்றார் அம்மா. அப்படியென்றால் 2009. அவர் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து, மரப்பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். நன்றாகப் பிடித்திருக்கும் ஓடு 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசுகிறது. கிளம்பியிருக்கும் ஓடு, காலிப் பானையைத் தட்டினாற்போல் 'தொம்' என்கிறது. நான் சாக்பீஸால் சுழித்துக்கொண்டே பின்னால் போனேன். மொத்தத் தளத்திலும் பதினொன்று.

"ஏக்கா, ஓடு நல்லாத்தான் இருக்கு. சந்துதான் வாயப் பொளந்து கெடக்கு" என்றார். சந்துகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிமென்டில் நீர்க்கசிவுத் தடுப்புத் திரவம் கலந்து பூசினால் போதுமாம். அடுத்து நான்கு குடம் தண்ணீரை ஊற்றி வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, பார்த்தார். தண்ணீர் சரியாகவே ஓடி, குழாய் வாயருகே போய் நின்றது. குழாய்க்குள் வேப்பஞ்சருகும் ஒரு ரப்பர் பந்தும் இருந்தன. அடைத்துக்கொண்டு நின்ற தண்ணீர்தான் இத்தனை நாளாக ஓட்டுச் சந்து வழியே கீழே இறங்கியிருக்கிறது. கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. அதற்கு நான் இரண்டு வருடம் பயந்திருக்கிறேன்.

கைப்பிடிச் சுவர் வெடிப்பில் ஒரு அரசங்கன்று இருந்தது. மேலே ஒடித்தால் வேர் தங்கிச் சுவரைப் பிளக்கும் என்று உளியால் பூச்சைக் கொத்தி வேரோடு எடுத்துக் கொடுத்தார். அரச மரத்தைத் தூக்கி எறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் கண்மாய்க் கரையில் நட்டுவிட்டு வந்தோம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மழைநீர்க் குழி. 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா தோண்டியது. மேல் மணலெல்லாம் சேறாகி இறுகியிருந்தது. மணலை அள்ளிப் போட்டுவிட்டு, ஜல்லியைக் கழுவி நிரப்பி, மேலே புது மணல் பரப்பினோம். இடுப்பு வலி.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

எப்படியும் இன்று ஈ.பி. பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அப்போதே கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மகளை விட்டு அழுத்தச் சொன்னேன். 'டப்' என்று வீடே அணைந்தது. அணையாவிட்டால்தான் ஆபத்து என்று அவளுக்குச் சொன்னேன். கேஸ் ட்யூபில் அச்சடித்திருந்த வருடத்தையும் பார்த்தோம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது, கெடு நெருங்கிவிட்டது. இந்த இரண்டையும் ஆயுத பூஜைக்கே எழுதிவைத்துவிட்டேன். இனி நான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, பண்டிகையே வந்து சொல்லும். தொட்டி கழுவுவதைப் போகிக்கு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 25, வெள்ளி

மூன்று மணிக்குக் கொட்ட ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் ஆபீஸ் வாசலில் முழங்கால் தண்ணீர். செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அங்கே இருக்கும் எங்கள் ஆபீஸ் அக்கா அழுதுகொண்டே கிளம்பினார். நாளை அவர் வீட்டுக்குப் போய்ச் சேறு வாரிவிட்டு வர வேண்டும்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அண்டாவை எடுத்து வைக்கணுமாம்மா?"

"ஒண்ணும் வேணாம். மாடிக் குழாய்ல தண்ணி சோன்னு எறங்குது. நீ பாத்து வா."

எட்டு மணிக்கு வந்து பார்த்தால் நடு அறை உத்தரம் காய்ந்திருந்தது. படுக்கையறை மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நோட்டை எடுத்தேன். பதினேழுக்குக் கீழே, அம்மாவின் சாய்ந்த எழுத்தில் ஏற்கெனவே இருந்தது: "18. கிழக்கு மூலை ஈரம். ஐப்பசி 8. அவசரமில்லை."