சூடானா எங்கே போகும்?

ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். டீசல் எஞ்சின்களைப் பிரித்துச் சீர்செய்யும் பட்டறையில் எனக்குப் பயிற்சி. ஒரு கையில் பிஸ்டன், மேசைமேல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புது ரிங்குகள் (பிஸ்டனைச் சுற்றி மாட்டும், ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வளையங்கள்). ரிங்கை எடுத்து நேராகப் பிஸ்டனில் மாட்டப் போனேன். ஃபோர்மேன் தடுத்தார். "தம்பி, முதல்ல ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள்ள விட்டுப் பாரு."

விட்டேன். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, ரிங் சாயாமல் உள்ளே தள்ளச் சொன்னார். ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே தலைமுடி போல ஒரு கீற்று தெரிந்தது. இடுக்கு அளக்கும் மெல்லிய தகடுகளின் அடுக்கான ஃபீலர் கேஜை விரித்து, தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். 0.15 மில்லிமீட்டர் தகடு போனது. 0.20 போகவில்லை.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இடைவெளி குறையக் குறைய வாயு கசியாது, எஞ்சின் திடமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது சூடானா எங்க போகும்?"

வெப்பத்தால் உலோகம் விரியும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் அந்த விடை என் கைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. அன்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட வைத்தார். சிலிண்டரின் விட்டம் 100 மில்லிமீட்டர், ரிங்கின் சுற்றளவு 314. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் விரியும். எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது ரிங் தன்னைச் சுற்றியுள்ள சிலிண்டர் சுவரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், 0.35 மில்லிமீட்டர் நீளும். நான் விட்டிருந்த இடமோ 0.15. மீதி 0.20 எங்கே போகும்? போக வழியில்லாமல் முனைகள் இரண்டும் முட்டிக்கொள்ளும், ரிங் வெளிப்பக்கம் பிதுங்கிச் சுவரை அழுத்தும், எண்ணெய்ப் படலம் அறுந்து சுவர் முழுக்கக் கீறல் விழும். ரிங்கே முறிவதும் உண்டு.

வைஸில் மெல்லிய அரத்தைப் பிடித்து, ரிங்கின் முனையை வெளிப்பக்கமிருந்து உள்பக்கமாக, ஒரே திசையில் தேய்க்கச் சொன்னார். இரண்டு தேய்ப்பு, ஒரு அளவு. மறுபடி இரண்டு தேய்ப்பு. அதிகம் போய்விட்டால் ரிங் வீண், திரும்ப ஒட்ட முடியாது. 0.40 தகடு லேசான பிடிப்போடு வழுக்கி நுழையும்வரை இப்படியே போனது. சரி, அந்த இடைவெளி வழியாக வாயு போகாதா? கொஞ்சம் போகத்தான் செய்யும். அதனால்தான் ஒரு பிஸ்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட ரிங்குகள், அவற்றின் வாய்கள் ஒன்றின் கீழ் ஒன்று வராமல் திருப்பி வைப்பது எல்லாம்.

அடுத்த மாதமே இன்னொரு தவறு. புதிதாக வந்த பிஸ்டன்களை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் அளந்தால் ஒரு அளவு, 90 டிகிரி திருப்பி அளந்தால் அதைவிடக் குறைவு. தலைப்பக்கம் அளந்தால் இன்னும் குறைவு. வட்டமாகவே இல்லையே என்று ஆறு பிஸ்டன்களையும் 'குறையுள்ளவை' என்று சீட்டு எழுதி ஒதுக்கி வைத்துவிட்டேன். நல்லவேளை, திருப்பி அனுப்புவதற்கு முன் ஃபோர்மேன் பார்த்தார். அவை வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டவை.

இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அந்த மதியத்தை நான் மறக்கவில்லை. பிஸ்டன் அலுமினியக் கலவை. இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தலை நேரடியாகத் தீயைப் பார்க்கிறது, கீழ்ப்பகுதி அவ்வளவு சூடாவதில்லை. ஆகவே தலைப்பக்கம் ஒடுக்கமாக விட்டிருக்கிறார்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் 'பின்' (pin) நுழையும் பக்கத்தில் உலோகம் தடிமனாகக் குவிந்திருக்கிறது, அந்தத் திசையில் விரிவு அதிகம். ஆகவே அந்தத் திசையில் விட்டத்தைக் குறைத்திருக்கிறார்கள். குளிர்ந்த பிஸ்டன் முட்டை வடிவம். சூடேறி ஓடும்போதுதான் அது சிலிண்டருக்குப் பொருந்தும் வட்டத்தை நெருங்குகிறது. என் மேசைமேல் இருந்தது இன்னும் பிஸ்டன் ஆகாத பிஸ்டன். காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் உறுமவிடக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே இருக்கும் பாகங்கள் தங்கள் சரியான வடிவத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

டேப்பெட் கிளியரன்ஸும், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளியும், இதே கதைதான். வால்வின் தண்டு சூட்டில் நீளும், இடம் விடாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, மூடாத வால்வு எரியும். எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாவதால் பல எஞ்சின்களில் அதற்கு இடைவெளியும் அதிகம்.

பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பேரிங் மட்டும் வேறு வகை. 60 மில்லிமீட்டர் தடிமனான தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே 0.05 மில்லிமீட்டர் அளவில் இடம் விடுகிறோம். அந்த இடம் முக்கியமாக எண்ணெய்க்கு. ஆயில் பம்ப் கொடுக்கும் அழுத்தம்தான் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பம்ப் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. தண்டு சுழலும்போது எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் ஒடுங்கும் மூலையில் திணிக்கிறது. அங்கே பிறக்கும் அழுத்தம்தான் சுமையைத் தாங்குகிறது. இதைக் கண்டுபிடித்தது ரயில் அச்சுகளில் இருப்பது போன்ற பேரிங்கை வைத்துச் செய்த சோதனையில் என்று பின்னால் படித்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி. பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தினால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது. 1883இல் அறிக்கை வந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். இன்று ஓடும் ஒவ்வொரு கார் எஞ்சினும் அந்தத் தக்கையைத் தள்ளிய எண்ணெயின்மேல்தான் மிதக்கிறது.

பட்டறையில் சில ஆண்டுகள் கழிந்தபின் எனக்குத் தண்டவாளப் பராமரிப்புக்கு மாற்றல் வந்தது. வேறு உலகத்துக்குப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். முதல் நாள் பாதையோரமாக நடக்கும்போதே ஃபோர்மேனின் கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது.

பழைய பாதைகளில் அதற்கு நேரான விடை இருந்தது. 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கேற்ற இடைவெளி விட்டு, இரண்டு தண்டவாள முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஃபிஷ் பிளேட் போட்டு, போல்ட் முடுக்கியிருப்பார்கள். தடக் தடக் என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்த ஓசை அந்த இடைவெளியின் ஓசை. கேட்க இனிமை, பாதைக்குக் கேடு. ஒவ்வொரு சக்கரமும் தண்டவாள முனையை அடிக்கும், முனை தட்டையாகும், அதன் கீழே குறுக்காகக் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டை அமுங்கும், போல்ட் தளரும்.

இப்போது கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்த தண்டவாளம். ஒரு கிலோமீட்டருக்கு, அதே 40 டிகிரிக்கு, 46 சென்டிமீட்டர் நீள வேண்டும். இடைவெளியே இல்லை. அப்படியானால் எங்கே போகும்?

எங்கேயும் போகாது. போக விடுவதில்லை. ஸ்பிரிங் கிளிப் தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடிக்கிறது, ஸ்லீப்பரை ஜல்லி பிடிக்கிறது. நீள முடியாத இரும்பு அத்தனையையும் விசையாக உள்ளே வைத்துக்கொள்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1.9 டன். 30 டிகிரி கூடினால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 56 டன் அழுத்தம். இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, இந்த விசைக்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை என்பது. ஒரு கிலோமீட்டர் ஆனாலும் ஐம்பது கிலோமீட்டர் ஆனாலும் அதே 56 டன்தான். இரண்டு கோடியிலும் ஏதோ நூறு மீட்டர் அளவுக்குத்தான் தண்டவாளம் அசையும். நடுப்பகுதி அசையாமல் கிடக்கும்.

இது புரிந்த பிறகுதான் ஜல்லியின்மேல் எனக்கு மரியாதை வந்தது. கூழாங்கல் உருண்டு விலகும். உடைத்த கல்லின் கூர்முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஸ்லீப்பரின் இருபுறமும் தோள்போலக் குவித்திருக்கிறார்களே, அது அழகுக்கு இல்லை. பக்கவாட்டில் பிதுங்கத் துடிக்கும் பாதையைப் பிடித்திருக்கும் கை அதுதான்.

ஒரு முறை கேபிள் பதிக்க வந்த ஆட்கள் முப்பது மீட்டர் நீளத்துக்கு ஓரத்து ஜல்லியை வாரி ஒதுக்கியிருந்தார்கள். வெயில் ஏறும் நேரம். எங்களோடு இருந்த மூத்த டிராக்மேன் ஒருவர் தண்டவாளத்தின்மேல் கன்னம் படும்படி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். "சார், கோடு போயிருச்சு. வண்டியை நிறுத்துங்க" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் சொன்ன இடத்தில் நானும் குனிந்து பார்த்தேன். நேர்கோட்டில் ஒரு மெல்லிய நெளிவு, நூல் ஓரிடத்தில் தளர்ந்தது போல. சிவப்புக் கொடி போனது, வண்டி நின்றது, ஜல்லியைத் திரும்பக் கொட்டி மாலை வரும்வரை காத்திருந்தோம். அளந்து பார்த்தபோது நெளிவு 11 மில்லிமீட்டர். ஜல்லி இல்லாத அந்த முப்பது மீட்டரில், பகல் இன்னும் ஏறியிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அந்தப் பகுதியை மூன்று நாள் கழித்து டீஸ்ட்ரெஸ் செய்தோம், அதாவது உள்ளே தேங்கிய விசையை அவிழ்த்துச் சரிசெய்தோம். விடியற்காலை. தண்டவாளத்தை ஓரிடத்தில் அறுத்து, இருபுறமும் கிளிப்புகளைக் கழற்றி, அடியில் உருளைகள் வைத்து, மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனோம். ஒட்டிக்கொண்டிருந்த விசையெல்லாம் தளர வேண்டும். விசையில்லாமல் இருக்க வேண்டிய வெப்பநிலையைவிட அப்போது 15 டிகிரி குறைவு. அவிழ்த்துவிட்ட நீளம் 300 மீட்டர். கணக்குப்படி 52 மில்லிமீட்டர் இழுத்து நீட்ட வேண்டும். ஹைட்ராலிக் ஜாக் இழுக்க இழுக்க, ஐம்பது மீட்டருக்கு ஒன்றாகச் சாக்பீஸில் போட்டிருந்த அடையாளங்கள் நகர்வதை ஆளுக்கொன்றாகப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். பிறகு தெர்மிட் பற்றவைப்பு: அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்து எரிந்து, வெள்ளையாய் உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கியது. ஆறும்வரை ஜாக்கைத் தளர்த்தவில்லை.

கடைசிக் கிளிப்பை அடித்து முடித்தபின் மூத்தவர் பெயின்ட் டப்பாவை என்னிடம் நீட்டினார். தண்டவாளத்தின் பக்கவாட்டில் அன்றைய தேதியையும் வெப்பநிலையையும் எழுதினேன். முதல் வண்டி வேகம் குறைத்து அந்த இடத்தைக் கடந்தது. எண்கள் இன்னும் ஈரமாக இருந்தன.