மகளின் கன்னத்தை நாய் கடித்தபோது

பக்கத்து வீட்டு நாய்தான், குட்டிகளோடு படுத்திருந்தது. மகள் குனிந்து தடவப் போக, கன்னத்தையும் மேலுதட்டையும் கிழித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளின் முகம் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு முகத்திலேயே அதிகம் கடிபடுகிறது.

அம்மா கோப்பித்தூளோடு ஓடி வந்தா. "அது வேண்டாம் அம்மா, சவர்க்காரத்தைத் தாங்கோ" என்று வாங்கி, பைப்பைத் திறந்து காயத்தைக் கழுவினேன். 15 நிமிடம் கழுவ வேண்டும். பிள்ளை கத்தும்போது நிறுத்தத்தான் மனம் வரும், ஆனால் விசர்நாய்க் கிருமியைக் குறைக்க வீட்டில் நாம் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான்.

பிறகு யாழ் போதனா வைத்தியசாலை. முகத்தில் தோல் கிழிந்த கடி, சிறியதென்றாலும், அதிக ஆபத்துள்ள வகை. மூளை பக்கத்தில் இருப்பதே காரணம். தடுப்பூசி போட்டாலும் உடம்பு தன் எதிர்ப்புச் சக்தியை உருவாக்க நாளெடுக்கும். அந்த இடைவெளிக்காக, தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதத்தைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் ஏற்றுகிறார்கள். ஒவ்வாமை வருமா என்று தோலில் சிறிது போட்டுப் பார்த்த பிறகே ஏற்றினார்கள். கிழிந்த உதட்டுக்குள் ஊசி போகும்போது அவள் தலையைப் பிடித்திருந்தது நான். எல்லாவற்றிலும் கடினம் அதுதான்.

"எப்ப டொக்டர் தைப்பீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"மருந்து முதல்ல காயத்துக்குள்ள பரவட்டும் அக்கா. அதுக்கு முன்னம் தைச்சா ஊசியே கிருமியை ஆழத்துக்குக் கொண்டுபோகும்" என்றார். அந்த ஒரு விளக்கம் என்னை நிதானப்படுத்தியது.

கை, கால் கடிகளைப் பல நேரம் தைக்காமலே விடுவார்களாம். முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம், நன்றாக ஆறும். தழும்பும் முக்கியம் என்பதால் தைக்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்ததால் தண்ணிகூடக் கொடுக்கவில்லை. உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் கோட்டை முதலில் பொருத்திவிட்டுத்தான் மற்றத் தையல்களாம். அந்தக் கோடு துளி விலகினாலும் வாழ்நாள் முழுக்கத் தெரியும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் மிச்சத் தடுப்பூசிகளும் தொடர்ந்தன. நாயைக் கட்டிவைத்து 14 நாள் கவனிக்கச் சொன்னார்கள். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அது மங்க ஒரு வருடம்கூட ஆகலாமாம், அதற்கு முன் வேறு சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கத் தேவையில்லை என்றார்கள். இப்போதைக்கு யாழ்ப்பாண வெயிலுக்குத் தொப்பி போட்டே பள்ளிக்கூடம் அனுப்புகிறேன்.