1003 யார்?

14ஆம் நம்பர் மெஷினில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வருஷப் பையன் கையைத் தூக்கினான். "மேடம், என் ஃபோல்டர்ல இருக்கிற ஃபைலெல்லாம் வேற யாரோ பேர்ல இருக்கு." போய்ப் பார்த்தேன். போன வாரம் 31ஆம் மெஷினில் அவன் எழுதிய சி புரோகிராம்கள்தான். ஆனால் உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் அடுத்த செக்‌ஷன் மாணவி ஒருத்தியின் பெயர். அந்தப் பெண்ணிடம் கேட்டால், "நான் தொடவே இல்ல மேடம்" என்று அழாத குறை. அவள் தொடவில்லைதான்.

2021 நவம்பர். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் லேப்புக்குத் திரும்பியிருந்த நேரம். இரண்டு லேப், மொத்தம் 62 மெஷின், எல்லாவற்றிலும் லினக்ஸ். நான் அங்கே லேப் இன்ஸ்ட்ரக்டர். சிஸ்டம் அட்மின் என்று தனியாக ஆள் கிடையாது, அதனால் அதுவும் நான்தான்.

லினக்ஸில் ஒரு ஃபைலின் உரிமையாளர் என்று டிஸ்கில் பதிவாவது பெயர் இல்லை, எண். யுஐடி என்பார்கள். நாம் ஃபைல் பட்டியலைக் கேட்கும்போதுதான் "1003 யார்?" என்று சிஸ்டம் போய்க் கேட்டு, கிடைத்த பெயரைக் காட்டும். எங்கள் லேப்பில் ஒவ்வொரு மெஷினும் தன்னிடமே இருந்த பாஸ்வேர்ட் ஃபைலைப் பார்த்துப் பதில் சொன்னது. அந்த ஃபைல்களை வெவ்வேறு வருஷத்தில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வரிசையில் கையால் நிரப்பியிருந்தார்கள். ஆள் சேர்க்கச் சேர்க்க அடுத்தடுத்த எண் விழும். ஆக, 31ஆம் மெஷினில் 1003 என்றால் அந்தப் பையன், 14ஆம் மெஷினில் 1003 என்றால் அந்தப் பெண். கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி. தெற்கு வாசலில் வாங்கிய 42ஐ வடக்கு வாசலில் நீட்டினால் யாருடைய செருப்போ வரும்.

பிள்ளைகளின் ஹோம் ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. எந்த மெஷினிலிருந்தும் அவற்றை நெட்வொர்க்கில் திறக்க வைப்பது என்எஃப்எஸ். என்எஃப்எஸ்ஸும் எங்கள் அமைப்பில் எண்ணைத்தான் கம்பி வழியே அனுப்பும், பெயரை அனுப்பாது. அப்படியானால் இத்தனை நாள் ஒருவரும் முட்டிக்கொள்ளாதது எப்படி? சர்வரில் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த யாரோ எல்லா ஃபோல்டருக்கும் 777 போட்டு வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். வீட்டுக்கே பூட்டில்லாதபோது சாவி மாறினால் யாருக்குத் தெரியும்!

சரி, ஒரே இடத்தில் பட்டியலை வைத்து 62 மெஷினும் அங்கே கேட்க வேண்டும். ஒரு பாஸ்வேர்ட் ஃபைலை எழுதி எல்லா மெஷினுக்கும் ஸ்கிரிப்டால் அனுப்புவதுதான் முதலில் தோன்றியது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அனுப்பும் நாளில் எங்கள் லேப்பில் குறைந்தது நான்கு மெஷின் அணைந்து கிடக்கும், அந்த நான்கும் பழைய பாட்டையே பாடும்.

அடுத்து என்ஐஎஸ், இப்படி ஒரே பட்டியலை எல்லா மெஷினுக்கும் பகிரும் பழைய ஏற்பாடு. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. முதலில் அதன் பெயர் யெல்லோ பேஜஸ். பிரிட்டனில் அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் டிரேட்மார்க் என்பதால் மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் கட்டளைகளின் தலையில் ஒய்பி என்ற எழுத்துகள் அப்படியே ஒட்டிக்கொண்டன: ஒய்பிபைண்ட், ஒய்பிகேட், ஒய்பிமேட்ச். அரை மணி நேரத்தில் நிறுவிவிடலாம். எனக்கு ஒத்துவராதது ஒன்றுதான்: ஒய்பிகேட் என்று ஒரு வரி அடித்தால் எல்லோருடைய பாஸ்வேர்ட் ஹாஷும், அதாவது உருமாற்றி வைத்த பாஸ்வேர்டும், திரையில் கொட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் 240 பேர் இருக்கிற இடத்தில் அது ஒரு வாரம் தாங்காது. அதனால் எல்டேப்: ஆட்களின் பட்டியலை ஒரு சர்வரில் டைரக்டரியாக வைத்து, மெஷின்கள் கேட்கும்போது பதில் சொல்லும் முறை.

நிறுவுவதை விட யாருக்கு என்ன எண் என்று முடிவெடுப்பதுதான் எனக்கு நாள் பிடித்தது. பல்கலைக்கழகப் பதிவெண்ணையே யுஐடி ஆக்கிவிடலாம் என்றார் ஒரு சார். பதிவெண் 12 இலக்கம். யுஐடி 32 பிட், சுமார் 429 கோடியோடு முடிந்துவிடும். உள்ளே போகாது. கடைசியில் சேர்ந்த வருஷம் இரண்டு இலக்கம், வகுப்பு எண் மூன்று இலக்கம் என்று வைத்தேன். 2019இல் சேர்ந்த 45ஆம் எண்ணுக்கு 19045. டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்கிற லேட்டரல் என்ட்ரி பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரியில் வகுப்பு எண்ணே 301இலிருந்து தொடங்கும், அதனால் மோதல் இல்லை. 1000ஐ ஒட்டிய எண்களை மெஷின்களின் உள்ளூர்க் கணக்குகளுக்கு விட்டுவிட்டேன். 61184 முதல் 65519 வரை, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறது. 2061இல் சேரப்போகும் பிள்ளைகளின் பிரச்சினையை அப்போது இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த ஒரு டெஸ்க்டாப்பை ஸ்டோர் அண்ணன் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். டெபியன் 11 என்ற லினக்ஸ், அதில் எல்டேப் சர்வர் புரோகிராமான எஸ்லாப்டி. பட்டியலை எல்டிஃப் என்ற வடிவத்தில் எழுதி ஏற்ற வேண்டும். வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி விழுந்தால் அதை முந்தைய வரியின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளும். எக்செல்லிலிருந்து ஒட்டிய 240 பேரில் 11 பேர் இப்படித்தான் பக்கத்து வரியோடு ஒட்டிப்போனார்கள்.

பெயர்களைத் தமிழில் வைத்தால் என்ன என்று ஆசை. முழுப்பெயருக்கான சிஎன் என்ற புலத்தில் தமிழ் தாராளமாகப் போகும். தேடிப் பார்த்தால் மட்டும் பெயருக்குப் பதில் பேஸ்64 எழுத்துக் குப்பை வரும், பயப்பட வேண்டாம், உள்ளே தமிழ்தான் இருக்கிறது. ஆனால் கெகோஸ் என்ற பழைய புலம் ஆஸ்கி, அதாவது வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும், தவிர வேறு எதையும் வாங்காது, முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பிவிடும். அதனால் என் டைரக்டரியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்.

கிளையன்ட் பக்கம், அதாவது கேட்கும் மெஷின்களில், எல்டேப் சர்வரிடம் கேட்டுச் சொல்ல எஸ்எஸ்எஸ்டி என்ற புரோகிராம். ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் என்எஸ்ஸ்விட்ச் ஃபைலில் பாஸ்வேர்ட், குரூப் வரிகளில் "ஃபைல்ஸ்" என்பதற்குப் பின்னால் "எஸ்எஸ்எஸ்" சேர வேண்டும். முதலில் உன் வீட்டிலேயே தேடு, இல்லாவிட்டால் சர்வரைக் கேள் என்று அர்த்தம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ரூட் என்ற தலைமைக் கணக்கும், அவசரத்துக்கு ஒரு உள்ளூர்க் கணக்கும் அந்தந்த மெஷினிலேயே இருக்கட்டும். சர்வர் செத்த அன்று உள்ளே நுழைய அதுதான் நிச்சயமான வழி. எஸ்எஸ்எஸ்டியின் அமைப்பு ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாக, வேறு யாரும் படிக்க முடியாத 600 அனுமதியோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது.

இதையெல்லாம் செய்துவிட்டு, கணக்குப் பட்டியலைக் காட்டும் கட்டளையான கெட்என்ட் பாஸ்வேர்ட் என்று அடித்தேன். உள்ளூர்க் கணக்குகள் மட்டும் வந்தன. ஒரு மாணவர் பெயர்கூட இல்லை. அமைப்பைத் திருத்தினேன், மறுபடி நிறுவினேன், ஃபயர்வாலைத் திட்டினேன். மத்தியானச் சாப்பாடு போனது. மூன்று மணிக்கு அலுத்துப்போய் ஒரே ஒரு மாணவனின் பெயரைச் சேர்த்துக் கேட்டேன், பளிச்சென்று பதில் வந்தது. காலையிலிருந்தே எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது! மொத்தப் பட்டியலையும் கொட்டுவது எஸ்எஸ்எஸ்டியில் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் இடத்தில் சர்வர் திணறும் என்பதால். பெயர் சொல்லிக் கேட்டால்தான் சொல்லும். நல்ல பழக்கம்தான், எனக்கு ஒரு நாள் போனது.

பழைய ஃபைல்களுக்கு உரிமையாளர் மாற்றும்போது பழைய எண்ணை நம்ப வழியில்லை, அதுதான் பொய் என்று தெரிந்துவிட்டதே. ஃபோல்டரின் பெயரைப் பார்த்து, அதற்குள் இருப்பதெல்லாம் அவருக்கே என்று ஒரு ஸ்கிரிப்ட் போட்டு ராத்திரி ஓடவிட்டேன். 777 எல்லாம் 700 ஆயின, இனி உரியவர் மட்டுமே திறக்கலாம்.

ஜனவரியில் ஒரு பேராசிரியை வந்தார். எல்லா பேட்ச் ஃபோல்டரும் திறக்கிறது, புதிதாகக் கொடுத்தது மட்டும் "அனுமதி இல்லை" என்கிறது. அதைத் திறக்க அனுமதியுள்ள குரூப்பில் அவர் பெயர் இருக்கிறது. முதலில் கேஷ் என்று நினைத்தேன். எஸ்எஸ்எஸ்டி ஒரு பதிலை 5400 விநாடி, அதாவது ஒன்றரை மணி நேரம், கையில் வைத்துக்கொண்டு அதையே சொல்லும். கேஷைக் காலி செய்து, அவரை லாக்அவுட் செய்து வரச்சொன்னேன். அப்படியும் அதே பதில். அவர் எத்தனை குரூப்பில் இருக்கிறார் என்று எண்ணியபோதுதான் புரிந்தது: 17. என்எஃப்எஸ் ஒவ்வொரு கோரிக்கையிலும் 16 குரூப் எண்களைத்தான் தூக்கிச் செல்லும். பதினேழாவது வழியிலேயே இறங்கிவிடுகிறது, எச்சரிக்கை ஒன்றும் கிடையாது. என்எஃப்எஸ் சர்வரில் ஓடும் மவுன்ட்டி என்ற புரோகிராமுக்கு மேனேஜ்-ஜிட்ஸ் என்று ஒரு விருப்பம் உண்டு. அதைப் போட்டால், வரும் குரூப் பட்டியலை ஒதுக்கிவிட்டு சர்வர் தானே டைரக்டரியில் பார்த்துக்கொள்ளும். அதற்கு அந்த சர்வரும் எல்டேப் கிளையன்ட்டாக இருக்க வேண்டும், அதை நான் விட்டிருந்தேன்.

பெரிய அடி 2022 டிசம்பரில். பிராக்டிகல் எக்ஸாம், காலை ஒன்பதரை, வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்து உட்கார்ந்திருக்கிறார். பாதிப் பிள்ளைகளுக்கு லாகின் ஆகிறது, பாதிப் பேருக்கு ஆகவில்லை. அதே மெஷினில் ஒருவனை எழுப்பிவிட்டு வேறொருத்தியை உட்காரவைத்தால் அவளுக்கு ஆகிறது. மெஷினிலும் கோளாறில்லை, ஆளிலும் கோளாறில்லை. எக்ஸ்டர்னல் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஹெச்ஓடி மேடம் என்னைப் பார்க்கிறார்.

காரணம் சான்றிதழ். மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் எஸ்எஸ்எஸ்டி பாஸ்வேர்டைச் சரிபார்க்காது, அதனால் சர்வருக்கு ஒரு டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது இது அதே சர்வர்தான் என்று மெஷின்கள் நம்புவதற்கான அடையாளம், செய்திருந்தேன், 365 நாளுக்கு. முந்தின நாள் ராத்திரி அது முடிந்துவிட்டது. காலையில் மெஷின்களைப் போட்டதும் எல்லாமே சர்வரை நம்ப மறுத்து ஆஃப்லைன் ஆகிவிட்டன. பாஸ்வேர்டைக் கேஷில் வைக்கச் சொல்லியிருந்ததால், அதே மெஷினில் முன்பு உட்கார்ந்தவர்களை மட்டும் அடையாளம் தெரிந்தது. எக்ஸாமில் சீட்டு குலுக்கிப் போட்டு இடம் மாறி உட்காருகிறார்கள் இல்லையா, அதுதான் பாதிப் பாதி.

கிளையன்ட்கள் நம்புவது பத்து வருஷத்துக்கு நான் செய்துவைத்த மேல் சான்றிதழை. அதனால் 62 மெஷினையும் தொடத் தேவையில்லை, சர்வருக்கு மட்டும் புதிது போட்டால் போதும். போட்டேன். எஸ்லாப்டி எழுந்திருக்கவில்லை. புதிய சாவி ஃபைல் ரூட்டின் பெயரில் இருந்தது, டெபியனில் எஸ்லாப்டி ஓடுவது ஓபன்எல்டேப் என்ற பயனராக. ஊருக்கெல்லாம் யார் யார் என்று சொல்கிற சர்வர் தன் சொந்த ஃபைலைத் திறக்க அனுமதியில்லாமல் நிற்கிறது. பத்து மணிக்கு எல்லாம் ஓடியது, 37ஆம் மெஷின் தவிர. அதன் பட்டன் பேட்டரி செத்து, கடிகாரம் இரண்டு வாரம் பின்னால் இருந்தது. இன்று பிறந்த சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை என்று வாதாடியது. அந்தப் பெண்ணை வேறு இடத்தில் உட்காரவைத்தேன்.

அன்று மத்தியானமே சான்றிதழ் முடியும் தேதியை என் போன் காலண்டரிலும், லேப் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிலும் குறித்தேன். லேப்புக்குள்ளேயே ஒரு நேர சர்வரும் வைத்தேன். இரண்டாவது எல்டேப் சர்வர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. மெஷின் கேட்டுக் கடிதம் கொடுத்து நாளாகிறது.

படிப்பு முடித்த பேட்சை டைரக்டரியிலிருந்து எடுத்துவிடுவேன், எண்களை மட்டும் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஃபோல்டர்களை வருஷம் போட்ட ஆர்க்கைவ் டிஸ்க்குக்கு மாற்றி, யுஐடியையே ஃபோல்டர் பெயராக வைத்துவிடுவேன். 2024இல் அந்த 14ஆம் மெஷின் பையன் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வந்தவன் லேப்பை எட்டிப் பார்த்தான். ஃபைனல் இயர் புராஜெக்ட் இருக்கிறதா என்று கேட்டான், லேப்டாப் திருடுபோய்விட்டதாம். ஆர்க்கைவைத் திறந்தேன். பெயர் வர வேண்டிய இடத்தில் எல்லாவற்றுக்கும் வெறும் எண்.

"இதுல யாரோடது எதுன்னு எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?"

"உன் வகுப்பு எண் 45தானே?" என்று 19045ஐ அவன் பென்டிரைவில் இழுத்துப் போட்டேன்.