மகளுக்கு 4 மாதம், எனக்கு 17

மகளை வீட்டிலேயே படிக்க வைக்கத் தொடங்கிய முதல் நாள் காலை 9 மணிக்கு என் கைபேசியில் மணி அடித்தது. நானே வைத்த மணிதான். 45 நிமிடத்துக்கு ஒன்றாக ஏழு மணிகள். சுவரில் கால அட்டவணை, பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை, மூன்று வண்ணப் பேனாக்கள். இரண்டாவது மணி அடிப்பதற்கு முன்பே மகள் கையைத் தூக்கினாள். "அம்மா, தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" சமையலறை பத்தடி தள்ளி இருந்தது. "சரி, சீக்கிரம் வா" என்றேன். என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு முடித்திருந்தாள். பள்ளியை ஏன் விட்டோம் என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

அதற்கு முன் செய்த ஒரு உருப்படியான வேலை, சட்டத்தைப் பார்த்தது. இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். ஜெர்மனியில் பொதுவாகவே பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்க அனுமதி கிடையாது. வேறு சில நாடுகளில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், சிலவற்றில் அவ்வப்போது மதிப்பீடும் நடக்கும். பின்னாளில் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழியுண்டா என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மாற்றுப் பள்ளிகளையும் பார்த்தோம். மாண்டிசோரி என்று பலகை மாட்டியிருந்த ஒன்றில் எல்லாக் குழந்தைகளும் ஒரே பயிற்சித்தாளை ஒரே நேரத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய பள்ளிக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு இல்லை. வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா, இடையில் யாரும் குறுக்கிடாமல் இரண்டு மூன்று மணி நேரம் தங்கள் வேலையில் மூழ்க விடுகிறார்களா என்று பாருங்கள், பலகையைப் பார்க்காதீர்கள். வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம் என்று 1921இலிருந்து நடந்துவரும், இப்போது இங்கிலாந்தில் உள்ள சம்மர்ஹில் மாதிரிப் பள்ளி எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் நான் வீட்டில் மணி அடித்திருக்க மாட்டேனோ என்னவோ.

மூன்றே வாரம். அட்டவணை கிழிந்தது, நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதும் குறைந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வீட்டில் படிக்க வைத்த ஒரு அக்காவிடம் போய்ப் புலம்பினேன். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் சும்மா விட வேண்டும், பள்ளிப் பழக்கம் உடம்பை விட்டு இறங்க அவ்வளவு காலம் ஆகும் என்றார். ஆய்வில் வந்த சூத்திரம் ஒன்றுமில்லை, இந்த வழியில் போனவர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கணக்கு. "உன் பொண்ணுக்கு நாலு மாசம். அவ பிரச்சினையே இல்ல. நீ எத்தனை வருஷம் படிச்ச?"

பள்ளியில் 12, அதற்கு மேல் 5. பதினேழு.

அந்தச் சும்மா இருந்த மாதங்களைச் சொல்வது எளிது, பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. ஒரு வாரம் முழுக்க அவள் தரையில் படுத்துப் பழைய சிறுவர் இதழ்களைப் புரட்டினாள். பதினொரு மணி வரை தூங்கினாள். பெருக்கல் வாய்ப்பாடு அவளுக்கு ஏழோடு நின்றிருந்தது, என் தூக்கமும் அங்கேயேதான் நின்றது. 1929இல் அமெரிக்காவின் மான்செஸ்டர் நகரில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த பெனிசெட் என்பவர், சில பள்ளிகளில் முறையான கணக்குப் பாடத்தை ஆறாம் வகுப்புவரை தள்ளிவைத்துப் பார்த்தார். அந்தப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் மற்றவர்களை எட்டிப்பிடித்ததாக எழுதினார். இதை எங்கோ படித்துவிட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன்: அவர் கணக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. அளப்பது, குத்துமதிப்பாகச் சொல்வது, பார்த்ததைத் தன் சொந்த வார்த்தையில் பேசுவது என்று நிறைய இருந்தன. என் மகள் பேசவே ஆரம்பிக்கவில்லையே!

மூன்றாவது மாதம் ஒரு நோட்டோடு வந்தாள். யாருக்கும் புரியாத ரகசிய எழுத்து ஒன்றை உருவாக்கப் போகிறாளாம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு குறி. க, கா, கி, கீ என்று 12 குறிகள் போட்டாள். ங வரிசையை "இத யாரு எழுதுறா?" என்று விட்டாள். ச வரிசை பாதியில் கை வலித்தது. மொத்தம் எத்தனை வரும் என்று கேட்டாள். கட்டம் போட்டுப் பார் என்றேன். மேலே 12 உயிர், பக்கவாட்டில் 18 மெய். ஒவ்வொரு பெட்டியாக எண்ணத் தொடங்கியவள் மூன்றாவது வரிசையில் நின்று, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டி, பிறகு பத்துப் பன்னிரண்டையும் எட்டுப் பன்னிரண்டையும் தனித்தனியாகப் பார்த்து 216க்கு வந்தாள்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "பாத்தியா, இதுதான் பெருக்கல்!" என்றேன். நோட்டை மூடிவிட்டாள். மூன்று நாள் திறக்கவில்லை. நான்காவது நாள் அவளே வந்து சொன்னாள்: 247 குறி தேவையே இல்லை, உயிருக்கு 12, மெய்க்கு 18, ஆய்தத்துக்கு ஒன்று, ஆக 31 போதும், க-வின் குறியையும் ஆ-வின் குறியையும் ஒட்டவைத்தால் கா. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் எனக்கும் மூன்று மாதம் கழிந்திருந்ததல்லவா.

இதில் எதிர்பாராமல் வந்து மாட்டியவர் என் அப்பா. வயது 68, எட்டாம் வகுப்போடு நின்றவர். கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய அவருக்கு வெகுநாள் ஆசை. 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம், க அடித்து ஆ அடித்தால் கா. "அட, இவ செஞ்சதேதான் இது" என்றார். பேத்தி ஒரு நாள் முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

31 அட்டைகள் செய்தோம். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் விசையின் இடம், எந்த விரல். ஐந்து அறைகள் கொண்ட அட்டைப்பெட்டி: சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் எடுக்க வேண்டும், பின் அறைகளை இடைவெளி விட்டு விட்டு எடுத்தால் போதும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் பரப்பிய முறை. ஆறு வாரத்தில் அப்பா விசைப்பலகையைப் பார்க்காமல் அடித்தார், மெதுவாகத்தான்.

அந்தப் பெட்டி என்னையும் கொஞ்சம் அசைத்தது. பதினேழு வருடமும் நான் அடிக்கோடிட்டு, திரும்பத் திரும்ப வாசித்துப் படித்தவள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். தேர்வு பிடிக்காமல் வெளியே வந்த குடும்பம் தேர்வையே திரும்பக் கொண்டுவந்தது, மதிப்பெண்ணைக் கழற்றிவிட்டு. இரண்டு முறை சேர்ந்து பாதியில் விட்ட புள்ளியியல் இணையப் படிப்பையும் மூன்றாவது முறை அப்படித்தான் முடித்தேன். வாரம் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்து மகளுக்கு விளக்க வேண்டும். அவளுக்குப் புரியாவிட்டால் எனக்கும் புரியவில்லை என்று கணக்கு.

எல்லாம் இப்படியே ஓடியது என்று நினைக்க வேண்டாம். பின்னங்கள் தானாக வரவில்லை. ஒரு வருடம் காத்திருந்து, கடைசியில் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், கொஞ்சம் அழுகையோடு. ஆர்வம் வரும்வரை காத்திரு என்பவர்கள் இந்த இடத்தில் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். தனிமையும் இருந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் மற்ற பிள்ளைகளோடு அறிவியல் செய்முறைக்குப் போகிறாள், அங்கே மணி அடிக்கிறதாம், அவளுக்கு அது பிடித்திருக்கிறதாம். தினமும் தேதி போட்டு மூன்று வரி, மாதத்துக்கு நாலு படம் என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். மதிப்பீட்டுக்கு வந்தவர் அதைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

போன வாரம் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தாத்தா பேத்திக்கு அந்த ரகசிய எழுத்தில் எழுதியது. ர, ற இரண்டின் குறியும் எனக்கு இன்னும் குழம்புகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இருவரும் சொல்லவில்லை. "அட்டை எழுதிப் பெட்டியில போட்டுப் படி" என்றார் அப்பா.