முதலில் என்ன படித்தீர்கள்?

நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் குரோனிங்கனுக்கு நான் வந்தது சமூக உளவியல் ஆராய்ச்சிக்காக. வீடு தேடியது, நகராட்சியில் பெயர் பதிந்தது, எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கப் பழகியது எல்லாம் இங்கே வரும் எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு இந்த ஊர் பிடிபட்டது மதியச் சாப்பாட்டு மேசையில். பன்னிரண்டு மணி அடித்தால் துறையே கூடி உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடும். சுடுசோறு என்ற பேச்சே கிடையாது. புதிதாக வந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலில் என்ன படித்தீர்கள்? இப்போது எதைப் பார்க்கிறீர்கள்?

முதல் கேள்விக்கு வந்த பதில்கள்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. ஒருவர் பல வருடம் நர்ஸாக இருந்தவர். இப்போது முதியோரின் தனிமையை ஆராய்கிறார். இன்னொருவர் இறையியல் படித்துவிட்டு வந்தவர். சண்டையிட்ட இரண்டு கூட்டங்கள் எப்படி மறுபடி பேசத் தொடங்குகின்றன என்பது அவருடைய ஆய்வு. நான் காரைக்குடியில் பி.காம். முடித்து, பிறகு சென்னையில் உளவியல் படித்தவள். ஊரில் இதைச் சொன்னால், "ஏன் லைன் மாறினே?" என்பார்கள். இங்கே ஒருவர், "அப்படியானால் கணக்குப் புத்தகங்களை வைத்து ஏதாவது செய்யலாமே" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னோடு தங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால், இந்தத் துறையே இப்படி வந்து சேர்ந்தவர்கள் கட்டியதுதான். 1879-இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்ட் மருத்துவம் படித்தவர். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே முதலில் ஆராய்ந்தது நத்தைகளை. சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி படித்தது சட்டம். மானுடவியலுக்கே திசை காட்டிய ஃபிரான்ஸ் போவாஸ் 1881-இல் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில், தண்ணீரின் நிறத்தைப் பற்றி எழுதி. இந்தக் குரோனிங்கனிலேயே 1892-இல் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கிய ஹெய்மன்ஸ் தத்துவக்காரர். அவர் மூவாயிரம் டச்சு மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, ஆளைத் தனியாக அல்ல, அவர்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தையே கவனித்து எழுதச் சொன்னார். குணத்தைக் குடும்பம் குடும்பமாகப் பார்க்க வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே இங்கே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது! எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

அப்புறம் கீர்ட் ஹோஃப்ஸ்டீட். டெல்ஃப்டில் இயந்திரப் பொறியியல் படித்து, தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, 1967-இல் இதே குரோனிங்கனில் சமூக உளவியலில் முனைவரானவர். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். கூட்டத்தைவிடத் தன்னை முதலில் பார்க்கும் தனிமனிதப் போக்கில் நெதர்லாந்துக்கு 80, இந்தியாவுக்கு 48. மேலே உள்ளவர், கீழே உள்ளவர் என்ற இடைவெளியை ஏற்பதில் நெதர்லாந்துக்கு 38, இந்தியாவுக்கு 77. இன்றைக்கும் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இந்த எண்கள் வந்து நிற்கும். அவர் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் தனிமனிதப் போக்கை அளந்தது வேலையைப் பற்றிய கேள்விகளால்: சொந்த வாழ்க்கைக்கு நேரம் விடும் வேலை எவ்வளவு முக்கியம், பயிற்சி கிடைக்கும் வேலை எவ்வளவு முக்கியம், இப்படி. தொழிற்சாலை வழியாக வந்தவர், ஒரு நிறுவனத்துக்குள் இருந்து கேட்ட கேள்விகள் அவை. எங்கள் செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் இருந்து கேட்டிருந்தால் வேறு மாதிரி கேட்டிருப்பார்.

செட்டிநாட்டு வீட்டைச் சுற்றுலாப் படங்களில் பார்த்தவர்கள், நூறு பேர் ஒரே பந்தியில் சாப்பிடும் கூட்டுக்குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்யாணம், காரியம் என்றால் அப்படித்தான். மற்ற நாட்களில்? நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பிள்ளையையும் மருமகளையும் 'வேறு வைத்து'விடுவார்கள். வளவு ஒன்று, முகப்பு ஒன்று, சாமி கும்பிடுவது சேர்ந்து. ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கொடுத்துவிட்டால், அதற்குள் குடித்தனம் நடத்துவது அவர்கள் பாடு. கோயில் வரியிலும் அப்படியே. கல்யாணமானதும் அவர்கள் ஒரு புள்ளி, அதாவது வரிக்கணக்கில் தனிக் குடும்பம். புள்ளி வரியில் பணக்காரனும் ஏழையும் ஒரே தொகைதான் கட்ட வேண்டும். சொத்துக்குத் தக்கபடி வாங்குவது வேறு வரி. இதில் 48-ஐ எங்கே வைப்பது, 77-ஐ எங்கே வைப்பது?

அப்பத்தாவிடம் போனில் இதைக் கேட்டேன். "எல்லாரும் ஒரே வளவுதேன் ஆத்தா. ஆனா அவுகவுக உலை அவுகவுகளுக்கு. எங்க மாமியா அரைப்படி அரிசி கைமாத்துக் குடுத்தாலும் எழுதி வச்சுக்குவாக. அதுக்காகப் பாசம் இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்றார். அவருடைய மாமனார் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர் திரும்புவார். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தத் தனி அடுப்பை மாமியார் ஒற்றை ஆளாக நடத்தியிருக்கிறார்.

டச்சுக்காரர்களையும் அந்த 80 முழுசாகச் சொல்லிவிடவில்லை. பக்கத்து வீட்டில் பிறந்தநாள் என்று கூப்பிட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே வருகிறவர் ஒவ்வொருவரும், பிறந்தநாள் கொண்டாடும் பெண்ணுக்கு மட்டுமில்லை, அவள் அம்மா, அண்ணன், தாத்தா என்று சுற்றிவந்து எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். எனக்கும்தான்! அன்றைக்குத்தான் இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது.

உளவியலின் முன்னணி இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. 2010-இல் இதை உரக்கச் சொன்ன மூவரில் ஜோசப் ஹென்ரிக் மானுடவியலோடு விண்வெளிப் பொறியியலும் படித்தவர். செட்டிநாட்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் வராமல் இல்லை. அமெரிக்க மானுடவியலர் டேவிட் ரட்னர் நகரத்தாரின் கொடுக்கல் வாங்கலையும் கோயில்களையும் ஆராய்ந்து 1994-இல் நூல் வெளியிட்டார். ஜப்பானிலிருந்து யூகோ நிஷிமுரா வந்து எங்கள் பெண்களின் சொத்துரிமையை ஆராய்ந்தார். அவர்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்த வளவில் பிறந்து வளர்ந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கேட்க நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும். உளவியல் என்றாலே "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று கேட்டு, பிள்ளைகளை கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிடுகிறோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போது நான் பார்ப்பது இதைத்தான்: ஒரே கூரை, தனித்தனி அடுப்பு என்று வாழ்ந்த பெண்கள், எது 'என்னுடையது', எது 'நம்முடையது' என்று எப்படிப் பிரித்தார்கள்? ஆய்வு நெறிக் குழு, ஒவ்வொருவரையும் மூடிய அறையில் தனியாகத்தான் பேட்டி காண வேண்டும் என்றது. எங்கள் ஊரில் ஓர் ஆச்சியிடம் பேச உட்கார்ந்தால் நாலு பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள் என்று விளக்கினேன். முதலில் அடுப்படியில் தனியாக, பிறகு வளவில் எல்லோரோடும் என்று முடிவாயிற்று. பொங்கலுக்கு ஊர் கூடும்போது போகப் போகிறேன். அப்பச்சி இப்போதே பெயர்களைக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் கேள்வியை அமைத்துக் கொடுத்தவர் அந்த நர்ஸ் தோழி. மனதைக் கேட்காதே, கையைக் கேள் என்றார். அதனால் கேள்வி இப்படி வந்திருக்கிறது: "உங்களை வேறு வைத்த அன்றைக்கு முதன்முதலில் என்ன சமைத்தீர்கள்?" அப்பத்தாவிடம் சோதித்துப் பார்த்தேன். வெள்ளைப் பணியாரத்தில் தொடங்கி, அரிசி யார் அளந்து கொடுத்தது, விறகு யார் கணக்கில் வந்தது, அன்றைக்கு எந்த நாத்தனார் பேசவில்லை என்பது வரை வந்துவிட்டது.