எந்த விதியைத் தளர்த்துவது?

சென்ற வாரம் வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில் நடந்த உழவர் கூட்டத்தில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் பேசினார். சாகுபடிக்குத் துணை நிற்பதாகவும், பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் தடையின்றிக் கிடைக்கச் செய்வதாகவும், உழவர்களை அலைக்கழிக்கும் விதிகளைக் குறைக்கப் பாடுபடுவதாகவும் அவர் கூறினார். மூன்றையும் மனமார வரவேற்கிறேன். ஆயினும் மூன்றாவதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் டெல்டாவில் எங்களை வாட்டும் விதிகளும் உண்டு, எங்களைக் காத்து நிற்கும் விதிகளும் உண்டு.

வாட்டும் விதிக்கு எடுத்துக்காட்டு தேடி நான் தொலைவு போக வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரத்தில் வருகிறது. கடந்த ஐப்பசியில் எங்கள் நெல் ஆறு நாள் களத்தில் கிடந்தது. வெயில் எட்டிப் பார்த்தால் தார்ப்பாயை விலக்கிக் காலால் கிளறி விடுவோம். மேகம் கறுத்தால் ஓடி வந்து மூடுவோம். ஈரப்பதமானி ஒரு நாள் 18.6 காட்டியது, மறுநாள் மழைக்குப் பின் 20ஐத் தாண்டியது. ஆறாம் நாள் குவியலின் அடியில் கையை விட்டபோது சூடாக இருந்தது. அள்ளிப் பார்த்தால் நெல்மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அந்தக் கைப்பிடி நெல்லை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த வரம்பு தளர்த்தவே முடியாதது அன்று. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு 19 விழுக்காடு வரை வாங்க இசைந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மாநில அரசு கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, அதன் பிறகு ஆணை வருவதற்குள் நனைந்த நெல் முளைத்து விடுகிறது. மழைக்காலக் கொள்முதலுக்கு மட்டுமாவது நிலையான தளர்வு வேண்டும் என்று சட்டமன்றத்தில் அவர் குரல் கொடுக்க வேண்டும். முடிவு டெல்லியில் எடுக்கப்படுவதால் நாடாளுமன்ற உறுப்பினரையும் உடன் அழைத்துக்கொள்ள வேண்டும். ஏரி, குளங்களில் வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று 2024இல் எளிதாக்கியது போன்ற மாற்றம்தான் இங்கும் தேவை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை நாங்கள் கடன்பட்டவர்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு உழவர்களுக்குக் கிடைத்த இலவச மின்சாரம், பின்னர் கலைஞர் ஆட்சியில் எல்லா உழவர்களுக்கும் விரிவானது. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத ஆண்டுகளில் நாற்றங்காலைக் காப்பாற்றுவது இந்த மின்சாரம்தான். புதிய இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

இனிக் காக்கும் விதி. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதையும், மீத்தேன், ஷேல் வாயுக் கிணறு தோண்டுவதையும், தோல் பதனிடும் ஆலைகளையும் தடுக்கிறது. ஏற்கெனவே இயங்கி வருபவற்றை அது தொடவில்லை என்பது எங்களுக்குக் குறைதான். எரிசக்தி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் மண்ணிலிருந்து போகும் எரிவாயுவில் திருமக்கோட்டை மின்நிலையம் ஓடுகிறது. ஆனால் நிலத்தடி நீர் ஒரு முறை கெட்டால் எந்த இழப்பீடும் அதை மீட்டுத் தராது என்பதற்காகத்தான் 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் பெண்களும் பிள்ளைகளும் பந்தலில் அமர்ந்தார்கள். 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் டெல்டாவின் வடசேரி இடம்பெற்றபோது சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே அது நீக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஒன்றாக நின்றால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன் எங்கள் சட்டமன்ற உறுப்பினரை நேரில் சந்தித்து மனு கொடுக்கவிருக்கிறோம். ஈரப்பத வரம்பைத் தளர்த்தவும், மின் இணைப்பை விரைவாகத் தரவும் கேட்கிறோம். வேளாண் மண்டலச் சட்டத்தில் ஒரு வரியும் தளரக் கூடாது என்று அதே தாளில் எழுதியிருக்கிறோம்.